நீங்க முதல்ல ஏறுங்க

இந்த வருடம் எங்கள் தெருவில் ஒருவரும் சாகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

போன வருடம் எல்லோரும் செத்துப்போனோம். நான், என் மனைவி மஹ்ரூ, எதிர்வீட்டு ஹாஜி கைரொல்லா, அவர் வீட்டுக் கூட்டம் மொத்தமும், மூலை வீட்டுத் தையல்காரி பரீதொக்த் ('கானும்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்), கூண்டோடு அவளுடைய கிளி. ஒத்திகையில்தான். இருந்தாலும் மாவட்ட அலுவலகத்துக் கணக்கில் சாவு சாவுதான்.

எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் அணு உலையின் கோபுரமும் கொடியில் தொங்குவதுபோல் தெரியும். அவ்வளவு பக்கம். அதனால் வருடம் ஒரு முறை எங்களைக் காப்பாற்றிப் பார்க்கிறார்கள். சங்கு ஊதும். தெருமுனைக்கு பஸ் வரும். நாங்கள் ஏற வேண்டும். பஸ் எங்களை மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். கைக்குழந்தைகூடப் பிழைத்துக்கொள்ளும் திட்டம்.

போன வருடம் சங்கு ஊதியது. ஓடி வந்தோம். பஸ் நின்றது. கதவு திறந்தது. அந்தக் கதவிலேயே எங்கள் கதை முடிந்தது.

"ஹாஜி, ஏறுங்க" என்றேன்.

"நல்லா இருக்கே! வாத்தியார் நிக்கும்போது நான் ஏறுவேனா?"

"வயசுல பெரியவர் நீங்க."

"படிப்புல பெரியவர் நீங்க. சரி, பரீதொக்த் கானும் ஏறட்டும்."

"ஐயோ, ஹாஜிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா? என் காலு முறிஞ்சு போகட்டும்."

"உங்களுக்காக என் உசுரு போகட்டும் கானும். ஏறுங்க."

"என் உசுரு உங்க காலடியில போகட்டும் ஹாஜி. நீங்க முதல்ல."

"நீங்க முதல்ல" என்றது கிளியும்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் தாபான் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினார்.

"போயிடுச்சு" என்றார்.

"என்ன போயிடுச்சு?"

"உசுரு. எல்லாருக்கும். நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியே."

இதுதான் தாரோஃப். எங்கள் ஜனங்களின் ரத்தத்தில் ஊறிய மரியாதை வியாதி. ஒரு வாசலில் இரண்டு பேர் சந்தித்தால் இரண்டு பேரும் உள்ளே போக மாட்டார்கள். டீ வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை சிரமம் எதற்கு என்பார்கள். மூன்றாம் தடவை மூன்று கோப்பை குடிப்பார்கள். கல்யாண வீட்டில் இது அழகு. கதிர்வீச்சில்?

செத்ததுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்த அலுவலகம் அனுப்பிய மிரட்டல்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. இந்த வருடமும் ஏறாவிட்டால் எங்கள் தெருவுக்கென்று தனி பஸ் கிடையாதாம். அடுத்த தெருக்காரர்களின் பஸ்ஸில்தான் ஏற வேண்டுமாம். அந்த பஸ் எங்கே நிற்கும் தெரியுமா? அணு உலையின் மதில் சுவரை ஒட்டி! அதாவது, உலை வெடித்தால் நாங்கள் உலையை நோக்கி ஓட வேண்டும். ஹாஜிக்கு முழங்கால் வலி. பரீதொக்துக்கு மூச்சிரைப்பு. சுவர்வரை நடப்பதற்குள் தேவைப்படுவது பஸ்ஸாக இருக்காது. இதை ஒரு மனிதன் மேசைமுன் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறான். சம்பளம் வேறு வாங்கியிருக்கிறான்.

நான் பூகோள வாத்தியார். திசை தெரிந்தவன். விடுவேனா? நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். அவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை அவர்கள் மேசைமேலேயே அடித்தேன்.

"காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்கே போகணும்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல இருக்கறதே ஒரு ரோடு. காத்துகிட்ட ரோட்டுக்குக் குறுக்கே அடின்னு யார் சொல்றது? வீட்டுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கணும்னு போட்டிருக்கீங்க. குழாய்ல தண்ணி வந்தா நாங்க ஏன் சார் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்? முதல்ல தண்ணியை விடுங்க, அப்புறம் அணுவை விடுங்க!"

இன்ஜினியர் தாபான் பொறுமையாகக் கேட்டார். மார்பில் கையை வைத்துக் குனிந்தார். என் அக்கறையைப் பாராட்டினார். பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்து என் தோளில் போட்டார். கையில்லாத சட்டை. முதுகில் பெரிய எழுத்தில் 'தெருப் பொறுப்பாளர்'.

குறை சொல்லப் போனவனுக்குச் சட்டை போட்டு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் தெரு செத்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு அந்த மாபெரும் யோசனை பிறந்தது. பஸ்ஸைத் திருத்த முடியாது. ரோட்டைத் திருத்த முடியாது. தாரோஃபைக் கொன்றுவிட்டால்? அதையும் என் வீட்டிலிருந்தே ஆரம்பித்தால்?

மஹ்ரூ வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மஹ்ரூ, இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல தாரோஃப் கிடையாது."

"அப்படியா?"

"மனசுல இருக்கறதை அப்படியே சொல்லணும். வேணும்னா வேணும். வேண்டாம்னா வேண்டாம். ஒரே தடவைதான் கேக்கணும், ஒரே தடவைதான் சொல்லணும். ஜெர்மன்காரன் அப்படித்தான்."

"ஜெர்மன்காரனை நீங்க எங்க பார்த்தீங்க?"

"பார்க்கணும்னு இல்ல. பூகோளம் படிச்சவனுக்குத் தெரியும்."

"சரிங்க. ஒரே தடவை." அவள் கீரையைத் தள்ளி வைத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்."

அவள் கீரையை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

நான் காத்திருந்தேன். மூலையில் சமோவரில் டீத் தண்ணீர் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டிருந்தது. கீரைக் கட்டு ஒன்று முடிந்தது. அடுத்த கட்டு பிரிந்தது.

"மஹ்ரூ."

"ம்?"

"டீ..."

"வேண்டாம்னு சொன்னீங்களே. ஜெர்மன்காரன் சொன்னா சொன்னதுதானே?"

ராத்திரிச் சாப்பாட்டில் அதைவிடப் பெரிய அநியாயம் நடந்தது. பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிய சோறு, அதில் கடைசித் துண்டு. எங்கள் நாட்டில் இதற்காகச் சகோதரர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். மஹ்ரூ அதைக் கரண்டியில் எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடறீங்களா?"

"நீ சாப்பிடும்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பது வருடப் பழக்கம்.

சாப்பிட்டுவிட்டாள். என் கண் முன்னாலேயே. அந்தக் கறுக் மொறுக் சத்தம் சங்குச் சத்தத்தைவிட அதிகமாக என்னைக் கலங்கடித்தது.

மறுநாள் என் மைத்துனன் கொபாத் ஷீராஸிலிருந்து ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்தான். வைத்துவிட்டுக் கிளம்புகிறவன்தான். நான் என்ன சொல்வேன்? எல்லா அத்தான்களும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"வந்தது வந்தீங்க மச்சான், ஒரு வாரம் தங்கிட்டுப் போகலாமே."

இதற்கு நாடு முழுக்க ஒரே பதில்தான் உண்டு: இல்லை, தொந்தரவு வேண்டாம், இன்னொரு நாள். கொபாத் தன் அக்காவைப் பார்த்தான். அவள் வெந்தயக்கீரையைப் பார்த்தாள்.

"சரி அத்தான். இங்க தாரோஃப் கிடையாதாமே, அக்கா சொன்னா. ஒரு வாரம் தங்கறேன்." செருப்பைக் கழற்றினான். "அத்தான், உங்க கைக்கடிகாரம் அருமையா இருக்கே!"

"அது என்ன பிரமாதம், உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் நான் மஹ்ரூவோடு சண்டை போட்டேன். மணி என்ன என்று தெரியாமல் சண்டை போட்டேன்.

"வேணும்னே பண்றே நீ!"

"நீங்க சொன்னதைத்தானே பண்றேன்."

"நான் சொன்னது தெருவுக்காக!"

"ஒரு டீயைக் கேட்டு வாங்கிக் குடிக்க உங்களால முடியல. தெருவுல போய் ஹாஜிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"ஒத்திகை அன்னிக்குப் பாரு. என் வாயிலேர்ந்து 'நீங்க முதல்ல'ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா, இந்தப் பொறுப்பாளர் சட்டையை நீயே போட்டுக்கோ!"

"நிஜமாவா? தாரோஃப் இல்லையே?"

"இல்ல."

அவள் எழுந்து வந்து ஆணியில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டையைத் தடவிப் பார்த்தாள். "தோள்தான் கொஞ்சம் அகலம். பரீதொக்த்கிட்ட குடுத்துப் பிடிச்சுக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தெருக்காரர்களைக் கூட்டினேன். பஸ் ஏறுவதற்கு ஆளுக்கொரு எண் எழுதிய அட்டை. எண் இருந்தால் பேச்சு எதற்கு? ஒன்றாம் எண்ணை ஹாஜிக்குக் கொடுத்தேன். வயதும் முழங்காலும் அவருக்குத்தான் அதிகம்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வாத்தியாரே, நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"ஏன் ஹாஜி?"

"கடல்ல புயல் வந்தப்போகூடப் படகை விட்டுக் கடைசியா எறங்கினவன் நான். எல்லாரையும் விட்டுட்டு முதல்ல தப்பிச்சு ஓடினவன் இந்தக் கைரொல்லான்னு நாளைக்கு ஊர் பேசணுமா?"

"இது ஓடறது இல்ல ஹாஜி, ஏறறது!"

"அப்போ கானும் ஏறட்டும்." அட்டை பரீதொக்த் கையில் போய் நின்றது.

"நானா? புருஷன் இல்லாதவ எல்லாருக்கும் முந்தி உசுரைக் காப்பாத்திக்க ஓடினாள்னு சொல்லவா?"

அட்டை அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. இருட்டுவதற்குள் ஒன்றாம் எண் தெருவை முழுசாகச் சுற்றிவிட்டு, ஒரு தட்டு ஹல்வாவோடு என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. அணுகுண்டு இவ்வளவு மரியாதையாகக் கைமாறியிருந்தால் உலகத்தில் ஒரு சண்டையும் நடந்திருக்காது.

எனக்குப் பொறுமை போனது. தெரு நடுவில் நின்று கத்தினேன்.

"கதிர்வீச்சு வந்தா கதவைத் தட்டிட்டு வராது! 'நீங்க முதல்ல'ன்னு யாரையும் கேக்காது!"

"அதுக்கு வளர்ப்பு சரியில்ல" என்றார் ஹாஜி.

"உங்க மரியாதையாலதான் நாம எல்லாரும் சாகப் போறோம்! படிக்காத ஜனங்க!"

ஹாஜி தன் மூங்கில் கைத்தடியை எடுத்துக்கொண்டார். பரீதொக்த் கிளிக்கூண்டைத் துணியால் மூடினாள். ஒருவர்பின் ஒருவராகக் கதவுகள் சாத்திக்கொண்டன. அந்த விஷயத்தில் மட்டும் யாரும் யாருக்கும் வழிவிடவில்லை.

"போச்சு" என்றாள் மஹ்ரூ, வாசலில் நின்றபடி. "இனிமே சங்கு ஊதினா தெருமுனைக்குக்கூட வரமாட்டாங்க. பஸ்ஸை எடுத்துடுவான் அந்த இன்ஜினியர். ஹாஜி அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு உலைச் சுவர்வரைக்கும் நடக்கட்டும்."

"நல்லதைத்தானே சொன்னேன்?"

"நல்லதையும் திட்டித்தான் சொல்லணுமா?"

அவள் ஹல்வாத் தட்டில் வேறு ஏதோ பலகாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு ஹாஜி வீட்டுக்குப் போனாள். தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்குள்ளேயே எதிரிக்கு உணவு விநியோகம்!

ஒத்திகை நாள் வந்தது. நாளைத்தான் சொல்வார்கள், நேரத்தைச் சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்தே சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாத்தினேன். சமையலறையிலிருந்து புளியும் பூண்டும் கொத்தமல்லியும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. எட்டிப் பார்த்தேன். மீன் கலியே, எங்கள் ஊர்ப் புளிக்குழம்பு. கல்யாணத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெரிய பானையில்.

"இன்னைக்கு ஒத்திகைன்னு தெரியுமா தெரியாதா? எதுக்கு இவ்வளவு பெரிய பானை?"

"பசிக்குமே."

"சங்கு ஊதினா அடுப்பை அணைச்சுட்டு வெறுங்கையோட வரணும். பானையை நீ தொடக்கூடாது. விதி!"

"தொடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நான் தொடமாட்டேன்."

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூகோளம் படித்தேனே தவிர, பெண்டாட்டியைப் படிக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம் சங்கு ஊதியது. நான் தெருமுனைக்குப் பறந்தேன். பஸ் வந்து நின்றது. கடிகாரத்தோடு இன்ஜினியர் தாபான் இறங்கினார். தன் காரை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு பஸ்ஸிலேயே வந்திருந்தார். எங்களோடு கூடவே வந்து, எங்களைப் பிழைத்தவர்கள் என்று அறிவிக்க வேண்டியது அவர் வேலை.

திரும்பிப் பார்த்தேன். ஆச்சரியம், தெருவே வந்திருந்தது. ஹாஜி கைத்தடியோடு. பரீதொக்த் கிளியோடு. ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணாம் நம்பர்!" என்று கத்தினேன்.

ஹாஜி வானத்தைப் பார்த்தார்.

"ரெண்டாம் நம்பர்!"

பரீதொக்த் கிளிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"யாராவது ஏறுங்க! உங்க எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்!"

"வாத்தியார் படிச்சவர். அவர் ஏறட்டும்" என்றார் ஹாஜி வானத்திடம். "நாங்க படிக்காத ஜனங்க."

தாபானின் கட்டைவிரல் கடிகாரத்தின் குமிழை நோக்கிப் போனது. கண் முன்னால் உலைச் சுவர் எழும்பியது. சுவரை நோக்கி ஹாஜி நொண்டிக்கொண்டே போவது தெரிந்தது.

அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வாங்க, வாங்க! என்ன இப்படி வெயில்ல நிக்கறீங்க எல்லாரும்?"

மஹ்ரூ! டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக எப்போது ஏறினாள்? படியில் எங்கள் வீட்டு வாசல் கம்பளம் விரித்திருந்தது. நடுவில் பெரிய பானை. பக்கத்தில் கொபாத், முட்டிவரை புளிக்குழம்பு சிந்தி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் பானையைத் தொடவில்லை. சத்தியம் காப்பாற்றப்பட்டிருந்தது.

"ஹாஜி! என் வீட்டுக்கு வந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி?"

"இல்ல மஹ்ரூ கானும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"உங்க பாதம் என் கண்ணு மேல. உள்ள வாங்க."

"இன்னொரு நாள் வர்றோம் கானும்..."

"கலியே ஆறுது ஹாஜி. என் வீட்டுக்காரர் பேசினதுக்கு என் சோத்து மேல கோபமா?"

ஹாஜி திகைத்தார். பஸ்ஸில் முதலில் ஏறினால் கோழை. ஆனால் மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகும் ஒரு வீட்டுக்குள் போகாவிட்டால்? அது வீட்டுக்காரியைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். எங்கள் ஊரில் அப்படி ஒருவன் இன்னும் பிறக்கவில்லை.

"மஹ்ரூ கானும் மனசு நோகக்கூடாது" என்றார் ஹாஜி. செருப்பைக் கழற்றித் தெருவில் விட்டுவிட்டுக் கம்பளத்தில் கால் வைத்தார். ஏறினார்.

"மேல்பக்கம் போங்க ஹாஜி. பெரியவங்க மேல்பக்கம்."

எந்த வீட்டிலும் மரியாதையான இடம் வாசலுக்குத் தள்ளி, ஆக உள்ளே இருப்பது. பஸ்ஸில் அது கடைசி வரிசை. பெரியவர் முதலில் போய்க் கடைசியில் உட்கார்ந்தால்தானே மற்றவர்கள் உட்கார முடியும்? ஹாஜிக்கு அடுத்து அவர் மனைவி, அடுத்து பரீதொக்த், கிளி, பிறகு வயதுப்படி தெரு முழுவதும். வீட்டுக்காரியைக் காக்க வைக்கக்கூடாதே என்று ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்! யாரும் யாரையும் இடிக்கவில்லை. பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் பஸ் தானாக நிரம்பியது. மாவட்ட அலுவலகத்தின் எந்தப் படத்திலும் ஒரு பஸ் இவ்வளவு ஒழுங்காக நிரம்பி நான் பார்த்ததில்லை.

எந்த வியாதியைக் கொல்லக் கிளம்பினேனோ, அதையே அவள் மருந்தாகக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. சந்தோஷத்திலும்தான், ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

தெருவில் மிச்சமிருந்தது ஒரு குவியல் செருப்பு, நான், இன்ஜினியர் தாபான்.

"ஏறுங்க வாத்தியாரே" என்றார் அவர்.

"பொறுப்பாளர் கடைசியாத்தான் ஏறணும். விதி" என்றேன். ஜாக்கிரதையாகப் பேசினேன். அந்த இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது.

"அதிகாரி அதுக்கும் கடைசி." மார்பில் கை வைத்தார்.

நான் பேசாமல் கையால் கதவைக் காட்டினேன். அவரும் கையால் கதவைக் காட்டினார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர் இரண்டு அடி பின்னால் வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஏறினா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்றார் தாபான்.

ஒருவர் கண்ணையே கொடுக்கிறார். மனிதனாகப் பிறந்தவன் சும்மா நிற்க முடியுமா?

"என்ன இன்ஜினியரே, எங்க தெருவுக்கு விருந்தாளியா வந்திருக்கீங்க, உங்களுக்காக என் உசுரு போகட்டும், நீங்க முதல்ல..."

ஜன்னலில் மஹ்ரூவின் முகம் தெரிந்தது. மலர்ந்த முகம்.

"கேட்டுச்சு" என்றாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "எல்லாரும் ஏறியாச்சு டிரைவர், போகலாம்."

கதவு மூடியது. பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் கலியே வாசனை கொஞ்ச தூரம் வரைக்கும் என்னைத் தொட்டுவிட்டுப் போனது.

தாபான் குமிழை அமுக்கினார். கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "சபாஷ்! தெரு பிழைச்சுடுச்சு வாத்தியாரே. பஸ் இனிமே உங்களுக்கேதான்."

"நான்?"

"நீங்க செத்துட்டீங்க. நானும்தான்."

"உங்களை யார் இப்படி வாசல்ல நிக்கச் சொன்னது? சட்டுனு ஏறியிருந்தா நானும் ஏறியிருப்பேனே!"

"உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ரொம்ப மரியாதை பார்க்கறவர், அவருக்கு முன்னாடி மட்டும் நீங்க ஏறிடாதீங்க, மனசு உடைஞ்சுடுவார்னு, நீங்க நம்பரைக் கத்திக்கிட்டு நின்னப்போ பஸ் ஜன்னல் வழியா கையெடுத்துக் கேட்டுக்கிட்டாங்க. பாவம், உங்க மேல எவ்வளவு அக்கறை!"

என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏங்க, செருப்பெல்லாம் பத்திரம். ஒண்ணுகூட விடாம எடுத்துக்கிட்டு வாங்க. ஹாஜியோடது பின்வார் அறுந்தது, பார்த்து."

"அது நான் சொல்லல! அந்தக் கிளி சொன்னது!"

"கிளி என் மடியில இருக்கு. சட்டையை அழுக்காக்காம கொண்டு வாங்க. அது இனிமே என்னோடது."

"எதுல வர்றது நான்?"

"அடுத்த தெரு பஸ் இன்னும் கிளம்பலையாம். நடந்து போய் ஏறிக்கோங்க."

"அது உலைச் சுவரடியில நிக்குது!"

"தெரியும். அந்தத் தெருக்காரங்க படற பாட்டையும் அப்படியே பார்த்துக்கிட்டு வாங்க. அடுத்ததா அவங்க பஸ்ஸை இடம் மாத்தச் சொல்லி நான் கேக்கப் போறேன், பொறுப்பாளரா." பின்னணியில் தட்டுகள் உரசும் சத்தம். ஹாஜி உரக்கச் சிரித்தார். "உங்களுக்குக் கலியே எடுத்து வைக்கட்டுமா?"

"பரவாயில்லம்மா, நீங்கல்லாம் சாப்பிடுங்க."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினேன். அழுக்காகட்டும் என்றே அதில் தெருவின் செருப்புகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டேன். இன்ஜினியர் தாபானும் நானுமாக, உச்சி வெயிலில், அணு உலையை நோக்கி நடந்தோம். வழியெல்லாம் அவருடைய திட்டத்தை நான் திட்டினேன். சுவர் நெருங்க நெருங்க அவரும் திட்டினார்.

சுவரடியில் பஸ் நின்றிருந்தது. எல்லோரும் ஏறியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. எங்களுக்காகவே திறந்திருந்தது. நான் படியை நோக்கிக் காலைத் தூக்கியேவிட்டேன்.

"வாத்தியாரே" என்று மார்பில் கை வைத்துக் குனிந்தார் தாபான். "மூட்டையை என்கிட்ட குடுங்க. நீங்க முதல்ல ஏறுங்க."

மூட்டையையும் கொடுத்துவிட்டு நான் எப்படி முதலில் ஏறுவது?

அந்த பஸ்ஸும் போய்விட்டது.